கொழுப்பு காணப்படும் இடங்கள்

உடம்பில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை உடம்பே தீர்மானித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கேட்பார் இல்லாத அந்த அட்டகாசத்துக்கு முடிவு கட்டத்தான் திசு இருப்பிட நிறுவனம் தோன்றியது. மனித உடலில் எந்தப் பொருள் எந்தத் திசுவில் காணப்படும் என்று அது அறிவிக்கும். அறிவித்த பிறகு உடல்கள் அதன்படி நடந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான உடல்கள் நடந்துகொண்டன. நடந்துகொள்ளாதவை செத்துப் போய்விட்டதால் நிறுவனத்துக்குப் பெரிய தொந்தரவு ஏதும் வரவில்லை.

நிறுவனத்தின் முன்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடி மனித உருவம் நிற்கிறது. அதன் காலடியில் வரிசையாகப் பொத்தான்கள். 'கொழுப்பாக்கி நொதி' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் மூன்று இடங்களில் விளக்கு எரியும். தின்ற சர்க்கரையையும் மாவையும் கொழுப்பாகச் சமைத்துப் போடுகிற சமையல்காரன்தான் இந்த நொதி. கல்லீரலில் லாரியின் முகப்பு விளக்கு அளவுக்கு ஒன்று எரியும். நிறுவனத்தைத் தொடங்கியவர் கல்லீரல் மருத்துவர். வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவில் நடுத்தர அளவில் ஒன்று. மார்பில் மிளகு அளவில் ஒன்று, அதன் மேல் கண்ணியம் கருதி ஒரு குட்டித் திரை. நுரையீரல் துறைத் தலைவர் ஒருவர் தம் உறுப்பிலும் அதே நொதியைப் பார்த்துவிட்டு ஒரு விளக்கு கேட்டு விண்ணப்பித்தார். பிறகு ஓய்வுபெற்றார். பிறகு மூச்சுத் திணறிக் காலமானார். கோப்பு இன்னும் நல்ல ஆரோக்கியத்துடன் நகர்ந்துகொண்டிருக்கிறது.

உருவத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை: 'கல்லீரலில் காணப்படும். கொழுப்புத் திசுவில் காணப்படும். பாலூட்டும் தாயின் மார்பில் காணப்படும். பிற இடங்களில் காணப்படாது.'

இந்தப் பலகையின் கீழே ஒருநாள் காலை மாஸ்டர் வந்து நின்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். பயிற்சி வண்டியில் அவர் இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. அடுத்தவன் கண்மண் தெரியாமல் ஓட்டுகிற வண்டியை நிறுத்தி நிறுத்தியே அவருக்கு வயதாகிவிட்டது. அதனால் யாராவது தாறுமாறாகப் பேச ஆரம்பித்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அன்று அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் கண்ணாடிச் சில்லுகளில் அவர் மனைவியின் மார்புக் கட்டி மெல்லிய சீவல்களாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அறுவை செய்த மருத்துவர் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இடது மார்போட சேத்துக் கட்டியை எடுத்தாச்சு மாஸ்டர். ஆனா அது வேற இடத்துலயும் விதை தூவியிருக்கு. கட்டி பூரா இந்த நொதி கொட்டிக் கிடக்கு. தனக்கு வேணும்ங்கற கொழுப்பைத் தானே சமைச்சுத் தின்னுதான் அது வளருது. அந்த அடுப்பை அணைக்கிற மருந்து புதுசா வந்திருக்கு, நம்ம அலமாரியிலயே இருக்கு. 'மார்பில் காணப்படுகிறது'ன்னு நிறுவனத்துக்காரங்க ஒரு முத்திரை போடணும், அவ்வளவுதான். போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."

"லேட்டானா என்ன ஆகும் டாக்டர்?"

"லேட்டாக்காதீங்க," என்றார் மருத்துவர்.

கவுன்ட்டரில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தடுப்புக் கண்ணாடியில் பேசுவதற்கென்று வெட்டியிருந்த ஓட்டை வருகிறவர்களின் இடுப்பு உயரத்தில் இருந்தது. மாஸ்டர் குனிந்தார். அந்த நிறுவனத்தில் எல்லா உரையாடலும் அப்படித்தான் தொடங்கும்.

"எந்த உறுப்பு?"

"மார்புங்க."

"எந்தப் பொருள்?"

"கொழுப்பாக்கி நொதிங்க."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"எந்தக் குழந்தைக்கு?"

"பால் குடிக்கிற குழந்தைக்கு."

"எங்களுக்குக் குழந்தை இல்லீங்க."

எழுத்தர் பேனாவை மூடினார். "குழந்தை இல்லாம நொதி எப்படிங்க வரும்? மார்புல இருக்குன்னா பால் குடுக்குறாங்கன்னு அர்த்தம். பால் குடுக்கலைன்னா மார்புல இல்லைன்னு அர்த்தம். பலகையைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க. ஆனா டாக்டர் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தாரு. இருக்குதாங்க."

"இருக்கும். யாரு இல்லைன்னா? இருக்குறது வேற, காணப்படுறது வேற."

மாஸ்டரின் கால் தரையை மிதித்தது. வண்டி நிற்கவில்லை. "கண்ணால பாத்ததுக்குப் பேருதானே சார் காணப்படுறது?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா, கொழுப்பா?"

வேறு கட்டடமாக இருந்திருந்தால் அது வசவு என்று மாஸ்டருக்குப் புரிந்திருக்கும். "ஆமாங்க," என்றார் பணிவாக. "எனக்கு இல்லீங்க, என் வீட்டுக்காரிக்கு. இடது மார்புல."

எழுத்தருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. நொதி சம்பந்தமான எந்தத் தகராறும் முதலில் கல்லீரல் துறைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அவரை மாடிக்கு அனுப்பினார்.

கல்லீரல் துறைத் தலைவர் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் உருகிப்போனார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டவர் போல, "இது எங்க நொதி!" என்றார். "அதே வடிவம், அதே வேலை. இங்க எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க."

"ஒரு நொதி சொந்தத் திசுவை விட்டுட்டு வேற திசுவுல வேலை பாக்கணும்னா அயற்பணி உத்தரவு வேணும். எங்க துறை அப்படி எந்த உத்தரவும் போடலை. உங்க மனைவி யாரைக் கேட்டு இதை வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க?"

"அவளுக்கே தெரியாதுங்க. கட்டின்னுதான் நெனச்சோம்."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." அவர் கைகழுவினார். "சரி, நாங்க ஒண்ணும் மனசாட்சி இல்லாதவங்க இல்ல. அவங்க கல்லீரலைக் கொஞ்சம் குத்தி எடுத்துப் பாப்போம். அங்க நொதி குறைஞ்சிருந்தா இது திருட்டு. திருட்டுன்னு நிரூபணமானா மார்புல இருக்குன்னு நாங்களே எழுதிக் குடுத்துடுவோம்."

ஆகவே மாஸ்டரின் மனைவியைப் படுக்க வைத்து, நீண்ட ஊசியால் விலாவுக்குக் கீழே குத்திக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கல்லீரலில் நொதி இருக்க வேண்டிய அளவு ஒழுங்காக இருந்தது. துறைத் தலைவர் மாஸ்டரைக் கைகுலுக்கி வாழ்த்தினார். "நல்ல செய்தி. அசல் பத்திரமா இருக்கு. அப்ப மார்புல இருக்குறது போலி. போலிக்கு எங்க முத்திரை கிடையாது, மருந்தும் கிடையாது."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது மனைவி சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பயிற்சிப் பள்ளியின் பாதி வருமானம் அந்த அம்மாள் வாயால் வந்தது என்பார்கள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் அழுத பெண்களைத் திட்டியே ஓட்டுநர்களாக்கியவர். ஒரு பக்கம் தையல், ஒரு பக்கம் ஊசி குத்திய கட்டு. இருந்தும் வாய்க்கு மட்டும் யாரும் கட்டுப் போட்டிருக்கவில்லை.

"என்னங்க சொல்றாங்க?"

"போலின்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னா குழந்தையைக் கூட்டிட்டு வரணுமாம்."

அவர் சிரித்தார். தையல் இழுத்ததால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்யாணமான புதுசுல தெருவே கேட்டுச்சு, விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு. கேட்டுக் கேட்டு அவங்களுக்கே சலிச்சுப் போச்சு. அப்பாடான்னு இருந்தேன். இப்ப இவங்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

"சும்மா இரு."

"உங்கம்மா ஒரு ஊசி குத்தலைங்க. என்னைப் பாத்த அன்னைக்கே சொன்னாங்க, இவளுக்கு உடம்பு பூராக் கொழுப்புன்னு. அவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். உக்காந்த இடத்துலேர்ந்தே முத்திரை குத்தியிருப்பாங்க. பாவம், போய்ச் சேந்துட்டாங்க."

மாஸ்டரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்குப் பயமாக இருந்தது. இவள் இல்லாத வீட்டில் சாயங்காலம் யார் தன்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தார்.

"நான் இருக்கணும்ங்க," என்றார் மனைவி, சிரிப்பில்லாமல். "பெருசா ஒண்ணும் வேணாம். அவங்க போர்டுல காணப்படலைன்னாலும் பரவால்ல. இருந்தாப் போதும்."

மறுநாள் மாஸ்டர் மார்புத் துறைத் தலைவியைப் போய்ப் பார்த்தார். அந்த நிறுவனத்தில் வருகிறவர்களை உட்காரச் சொல்கிற ஒரே அதிகாரி அவர்தான். எல்லாவற்றையும் கேட்டு 'உச்' கொட்டினார். "கல்லீரல்காரங்க எப்பவும் அப்படித்தான். நீங்க தப்பான பாதையில போறீங்க, மாஸ்டர். விதியை உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நாம உடம்பை விதிக்கு ஏத்த மாதிரி மாத்துவோம். பாலூட்டும் தாய்னு ஒரு சான்று வாங்கிட்டா முடிஞ்சுது. குழு உக்காரும். நீங்க அவங்களைக் கூட்டிட்டு வாங்க. குழந்தைக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"எந்தக் குழந்தைக்கு?"

"பக்கத்துல பிரசவ ஆஸ்பத்திரி இருக்குல்ல? இரவல் தருவாங்க."

குழு உட்கார்ந்தது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு பெயர்ப் பலகை. குளிர்சாதனம் நடுங்க வைத்தது. நடுவில் ஒற்றை நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாஸ்டரின் மனைவி. இயக்குநர் தலைமை தாங்கினார். அவர் கனிவானவர், கனிவாகப் பேசியே பலரை வெளியே அனுப்பியவர்.

"அம்மா, நீங்கள் எங்களைத் தவறாக எண்ணிவிடக் கூடாது," என்று தொடங்கினார். மேடைத் தமிழ் அவருக்கு மூன்று பேர் கூடினாலே வந்துவிடும். "இருப்பது இயற்கையின் வேலை. காணப்படுவது எங்கள் வேலை. இயற்கை எங்களைக் கேட்காமல் கண்ட இடத்தில் எதையாவது வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அதையெல்லாம் நாங்கள் ஒத்துக்கொண்டே போனால் நிறுவனம் எதற்கு? உயிரைக் காப்பாற்ற மருத்துவமனைகள் இருக்கின்றன. நாங்கள் பலகையைக் காப்பாற்ற நியமிக்கப்பட்டவர்கள். உயிர் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பலகை அப்படியா? உங்களுக்காக இன்று ஒரு வரி சேர்த்தால், நாளை ஒவ்வொரு நோயாளியும் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்."

குழுவினர் மேசையைத் தட்டினார்கள். மாஸ்டரின் கால் தரையைப் பலமாக மிதித்தது. பக்கத்தில் நின்ற காவலாளி, "காலை ஆட்டாதீங்க," என்றார்.

செவிலி ஒருவர் குழந்தையைக் கொண்டுவந்தார். பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தை. 'திருப்பித் தரப்பட வேண்டியது' என்ற சீட்டை அதன் துணியில் குத்தியிருந்தார்கள். செவிலி அதை மாஸ்டரின் மனைவியின் மடியில் வைத்தார்.

அவருக்கு ஒரு குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. கழுத்தைத் தாங்கணும் என்று செவிலி சொல்லிக்கொடுத்தார். கைக்கு வந்ததும் அது இடது பக்கம் முகத்தைத் திருப்பித் தேடியது. அங்கே ரவிக்கைக்குள் திணித்த துணி மட்டும்தான் இருந்தது. குழந்தை துணியை முட்டி முட்டிப் பார்த்தது. அவர் அதை வலது பக்கம் மாற்றிக்கொண்டார்.

"என்னடி தங்கம், பசிக்குதா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இங்க ஒண்ணும் இல்லையேடி. ஒரு பக்கம் அறுத்துட்டாங்க. இன்னொரு பக்கம் இவங்க போர்டுல இல்ல."

குழுவில் ஒருவர் இருமினார். குழந்தை வீறிட்டு அழுதது. அவர் அதைத் தோளில் போட்டுத் தட்டினார், உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்தார், வாய்க்குள் ஏதோ முனகினார். குழு இருப்பதையே மறந்துவிட்டார் என்று தோன்றியது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

கல்லீரல் துறைத் தலைவர் கையைத் தூக்கினார். "குழந்தை பசியோட இருக்குன்னு பதிவு பண்ணிக்கணும். பால் குடுக்கிற தாய்கிட்ட குழந்தை ஏன் பசியோட இருக்கப் போவுது?"

நியாயமான கேள்விதான் என்று குழு ஒருமனதாகக் கருதியது. பாலூட்டல் நிரூபிக்கப்படவில்லை, சான்று மறுக்கப்பட்டது. "இரவல் நேரம் முடிஞ்சுது," என்று செவிலி கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்றார் மாஸ்டரின் மனைவி. "தூங்கப் போவுது பாருங்க."

அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை. காவலாளி வந்து விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. மார்புத் துறைத் தலைவிக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல்முறையீடு செய்ய வழியிருக்கிறது என்று மாஸ்டரின் காதில் சொன்னார்.

மாஸ்டர் மேல்முறையீடு செய்தார். அறுவை மருத்துவரும் தம் பங்குக்கு எழுதினார்; பலகை தப்பு, கட்டிகளில் இந்த நொதி கண்ட இடத்தில் முளைக்கும் என்று எழுதினார். பலகை தப்பு என்ற சொற்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, மருத்துவரிடம் விளக்கம் கேட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது பழைய பேச்சு. இங்கே சாமி அலமாரியில் புட்டிகளாக உட்கார்ந்திருந்தது. மருத்துவர் ஒருநாள் சாவியைக் கையில் எடுத்து, அலமாரிக்கு முன்னால் நின்று, தம் வேலையையும் தம் பிள்ளைகளின் படிப்பையும் நினைத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

மாஸ்டரின் மனைவி மெலிந்துகொண்டே போனார். முதலில் நடை நின்றது, பிறகு சாப்பாடு, கடைசியில் அந்த வாய். கடைசி நாட்களில் யாரையும் திட்டவில்லை. மாஸ்டர் வேண்டுமென்றே காபியைக் கட்டில் மேல் கொட்டிப் பார்த்தார், அதற்கும் திட்டவில்லை. அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மத்தியானம், அவர் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில் உயிர் போயிருந்தது.

இதற்கிடையில் மேல்முறையீட்டை இயக்குநரே எடுத்துக்கொண்டார். இது சிந்தனையால் மட்டுமே தீர்க்கக்கூடிய பிரச்சினை என்று அவர் கண்டுகொண்டார். தீர்ப்பை முன்கூடத்தில் எல்லா ஊழியர்களையும் கூட்டி வாசித்தார். "நொதி மார்பில் இருப்பது மறுக்க முடியாதது. பாலூட்டும் மார்பில் மட்டுமே அது காணப்படும் என்ற பலகையும் மறுக்க முடியாதது. இரண்டும் மறுக்க முடியாதவை என்றால் ஒரே முடிவுதான் மிச்சம். அந்த அம்மையார் பாலூட்டும் தாய். குழு குழந்தையைப் பார்த்துக் குழம்பிவிட்டது. பலகையைப் பார்த்திருந்தால் குழம்பியிருக்காது. முத்திரை வழங்கப்படுகிறது." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பலகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

முத்திரையை நேரில் கொடுக்க மார்புத் துறைத் தலைவியும் எழுத்தரும் மாஸ்டரின் வீட்டுக்கு வந்தார்கள். கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

"அவ போயிட்டாங்க," என்றார் மாஸ்டர்.

தலைவி உண்மையிலேயே வருந்தினார். கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். எழுத்தரும் நின்றார். பிறகு எழுத்தர் மெதுவாகத் தலைவியின் காதில் ஏதோ சொன்னார். தலைவியின் முகம் மாறியது.

"அப்ப குழந்தையை யாரு பாத்துக்குறாங்க?"

"எந்தக் குழந்தையை?"

"மாஸ்டர், இப்ப அது நிரூபணமாயிடுச்சு. உங்க மனைவி பாலூட்டும் தாய். தாயில்லாத கைக்குழந்தையைக் கணக்குல காட்டாம வெச்சிருக்கிறது குத்தம். உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

எழுத்தர் அதற்குள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டார். அலமாரியைத் திறந்து புடவைகளை விலக்கினார். சமையலறைக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். வாசலில் நின்ற பயிற்சி வண்டியின் பின்கதவைத் திறந்து தட்டிப் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "அவங்களுக்கு ஏதுங்க குழந்தை, அந்தம்மா மலடுங்க," என்று உதவி செய்தாள்.

அந்தச் சொல்லைத் தன் மனைவி இருந்தவரை யாரும் அந்த வாசலில் சொல்லத் துணிந்ததில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அவர் எழுத்தரின் கையைப் பிடித்து நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரிக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார்.

"தேடாதீங்க சார். இருந்துச்சு. பொண்ணு. அவங்கம்மாவை விட்டு இருக்கத் தெரியாம, அதுவும் கூடவே போயிடுச்சு."

எழுத்தர் தொப்பியைக் கழற்றினார். மார்புத் துறைத் தலைவி மாஸ்டரின் தோளைத் தொட்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

"என்ன மாஸ்டர் நீங்க! ஒரு குழந்தை இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, அன்னைக்கே முத்திரை போட்டு மருந்தைக் குடுத்திருப்போமே!"